பாரமும் சுமையும்: கலாத்தியர் 6:2-உம் 6:5-உம் மோதுகின்றனவா?

கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தில் 2-ஆம் வசனம், மற்றவருடைய பாரத்தை நாம் சுமக்க வேண்டும் என்கிறது. 5-ஆம் வசனமோ, ஒவ்வொருவனும் தன் பாரத்தைத் தானே சுமப்பான் என்கிறது. "அப்ப ரெண்டுல எதுதாங்க சரி?" என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. மேலோட்டமாகப் பார்த்தால் முரண்பாடுதான்.

இது எனக்கு வெறும் ஆராய்ச்சிக் கேள்வி அல்ல. உக்கடம் மொத்த மீன் மார்க்கெட்டில் லோடு இறக்கும் ஒருவர், ஐஸ் பெட்டி தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று மாதம் படுத்துவிட்டார். சபைக் கமிட்டியில் உதவி கேட்டு வந்தது. "குடும்பத்துல அண்ணன் தம்பி இருக்காங்கள்ல, அவங்க பாக்கட்டும்" என்று ஒருவர் ஆரம்பித்தார். அதற்குத் தோதாக 5-ஆம் வசனத்தை எடுத்துக் கொடுத்தவன் நான். பேச்சு அத்தோடு முடிந்தது.

பிறகு மனசு உறுத்தவே, வசனத்தை மறுபடி படித்தேன். பிரசங்கங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான்: கிரேக்க மூலத்தில் இரண்டு வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. 2-ஆம் வசனத்தில் 'பாரோஸ்', 5-ஆம் வசனத்தில் 'ஃபோர்டியோன்'. முதலாவது, தனியாளால் தூக்க முடியாத பெரும் பாரம். இரண்டாவது, அவனவன் தோளில் மாட்டும் சின்னப் பை. ஆகவே முரண்பாடே இல்லை.

பாதி சரி. 1871-இல் முழுமையாக வெளிவந்த பவர் திருப்புதல் இரண்டு இடத்திலும் 'பாரம்' என்றே போட்டிருக்கிறது. ஆங்கில கிங் ஜேம்ஸிலும் ஒரே சொல்தான். மூலத்தில் இருக்கும் வேறுபாடு நம் கண்ணுக்குத் தெரியாமல் போனது உண்மை.

ஆனால் 'சின்னப் பை' என்பதை ஏற்க முடியவில்லை. மத்தேயு 11:30-இல் இயேசு இலகுவானது என்று சொல்லும் சுமை ஃபோர்டியோன்தான். அதே மத்தேயு 23:4-இல் வேதபாரகரும் பரிசேயரும் ஜனங்களின் தோளில் ஏற்றும் தாங்க முடியாத சுமைகளுக்கும் இதே சொல். அப்போஸ்தலர் 27:10-இல் கப்பல் சரக்குக்கும் இதே சொல்! எடை அந்தச் சொல்லுக்குள் இல்லை. அகராதியை மட்டும் வைத்து இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது.

முன்பின் வசனங்களைப் பார்த்தால்தான் வழி தெரிகிறது. 1-ஆம் வசனம், தவறி விழுந்தவனைச் சாந்தமாய்த் தூக்கி நிறுத்தச் சொல்கிறது. 3-ஆம் வசனம், தன்னைப் பெரிய ஆளாக நினைப்பவனை எச்சரிக்கிறது. 4-ஆம் வசனம், அடுத்தவனோடு ஒப்பிடாமல் உன் செயலை நீயே சோதித்துப் பார் என்கிறது. அதற்குக் காரணமாக வருவதுதான் 5-ஆம் வசனம். அதன் வினை எதிர்காலத்தில் இருப்பதால், தேவனுக்குக் கணக்கு ஒப்புவிக்கும் நாளைக் குறிக்கிறது என்பர் பலர். பொதுவான நியதி என்பர் சிலர். எப்படி எடுத்தாலும், அது என் கணக்கைப் பற்றிப் பேசுகிறது. விழுந்தவனைப் பார்த்து "உன் பாரம், நீயே தூக்கு" என்று சொல்ல எனக்கு அது அனுமதி கொடுக்கவில்லை. 10-ஆம் வசனத்தில் எல்லாருக்கும் நன்மை செய்யச் சொல்லும் பவுல், ஐந்து வசனம் முன்னால் அதற்கு விலக்குக் கொடுத்திருப்பாரா?

2 தெசலோனிக்கேயர் 3:10-க்கும் இதே கதிதான். வேலை செய்ய மனமில்லாதவனைப் பற்றி அங்கே சொன்னதை, வேலை செய்ய முடியாதவன்மேல் போடுகிறோம். மனமில்லாதவன் வேறு, முடியாதவன் வேறு.

எனவே என் முடிவு: எனக்குச் சொன்ன வசனத்தை நான் அடுத்தவனுக்குத் திருப்பிவிடும்போதுதான் இந்த இரண்டும் மோதுகின்றன. அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லி, வசனத்தைத் தப்பாக எடுத்துக் கொடுத்ததை ஒப்புக்கொண்டேன். உதவி போனது, தாமதமாக.

அவரைப் பார்க்கப் போனபோது வசனத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் கேட்டேன். அவர் சொன்னார்: "போயிருவேனுங்ணா. பெட்டியத் தலைல ஏத்தி உடறதுக்கு எப்பவும் ஒரு ஆள் வேணுமுங். ஏத்தி உட்டாப் போதும், நாம்பாட்டுக்கு நடந்துருவேன்."