இடக்கை

ஒரகடம் பக்கம் மாத்தூரில் ஆறு பேர் தங்கியிருந்த அறையில்தான் ‘செகிரோ’வை முதலில் பார்த்தேன். பி ஷிப்ட் முடித்து நள்ளிரவுக்கு மேல் வரும் அண்ணன் ஒருவர், பழையதாக வாங்கிய பிஎஸ்4-இல் அதை ஆடுவார். ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி 2019-இல் வந்தது. பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானின் போர்க்காலக் கதை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நாயகனின் இடக்கை வெட்டப்படுகிறது. பாழடைந்த கோயிலில் புத்தர் சிலை செதுக்கும் கிழவர் ஒருவர் அவனுக்குப் பொய்க்கை பொருத்துகிறார்.

வாள்சண்டை விளையாட்டுகளில் இடக்கைக்குப் பெரும்பாலும் கேடயம் தூக்கும் வேலைதான். 2018-இல் வந்த ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ விளையாட்டில், 1403-ஆம் ஆண்டு பொஹிமியாவில் திரியும் ஹென்றி இடக்கையில் கேடயம் பிடிப்பான், இல்லையென்றால் தீப்பந்தம். செகிரோவில் கேடயம் கிடையாது. அடி விழும் நொடியில் எல்1 பட்டனைத் தட்டினால் எதிராளியின் நிலை தடுமாறும். பயந்து அழுத்திப் பிடித்தபடியே இருந்தால் நம் நிலைதான் குலையும். தடுப்பது ஒளிந்துகொள்வது அல்ல என்பதை விரலுக்கே சொல்லித் தருகிறது. அது இந்த ஆட்டத்தின் பெரிய பலம்.

பாடம் பழையதுதான். இங்கிலாந்தின் லீட்ஸ் அருங்காட்சியகத்தில், 1300-ஐ ஒட்டி எழுதப்பட்ட வாட்பயிற்சிச் சுவடி ஒன்று இருக்கிறது. அதில் இடக்கையின் சிறு வட்டக் கேடயம் முக்கியமாகக் காப்பது வாள் பிடித்த வலக்கையை. நம் சிலம்பக்காரர்களின் மான்கொம்பில் இரண்டு கொம்புகள் எதிரெதிராக நீண்டிருக்கும், நடுவில் பிடி. தடுத்த கையே குத்தவும் செய்யும். ஒரு கை இன்னொரு கைக்காக இருக்கிறது.

என் குறை பொய்க்கையைப் பற்றியது. அதில் எறிநட்சத்திரம், கோடரி, விரித்தால் அடி தாங்கும் இரும்புக் குடை எல்லாம் உண்டு. கை போனது லாபமாகிவிடுகிறது.

அண்ணன் பவர் பிரஸ் ஓட்டியவர். பிரஸ்ஸுக்கு இரட்டை பட்டன் வைப்பதே, இரண்டு கையும் டைக்கு வெளியே இருக்கட்டும் என்றுதான். அவர் முன்பு இருந்த சின்ன யூனிட்டில் டார்கெட்டுக்காக ஒரு பட்டனை அழுத்தியபடியே கட்டி வைத்திருந்தார்கள். சும்மா இருந்த இடக்கை உள்ளே போனது. ஆள்காட்டி விரல் இல்லை. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை, முழு ஆள்காட்டி விரலை 14 சதவீத இழப்பு என்றது.

எல்1, இடக்கை ஆள்காட்டி விரலின் பட்டன். திரையிலுள்ள பொய்க்கையை இயக்கும் ஆர்2-வோ வலக்கையில் இருக்கிறது. கை இழந்தவனின் கதையை ஆட, இழக்காத கை வேண்டும். அண்ணன் நடுவிரலால் ஆடிப் பார்த்தார், நொடி தவறியது. பிறகு பட்டன்களை இடம் மாற்றிக்கொண்டார். “கேம்ல செத்தா அங்கேயே எழுந்துக்கலாம்டா. வெரல் போனா இப்படி மாத்தி வெச்சுக்க வேண்டியதுதான்” என்றார்.

செகிரோவில் சாவு உண்டு, ஊனம் இல்லை என்று அன்று நினைத்தேன். அது பாதிதான் சரி. அந்தக் கிழவருக்கும் ஒரு கை இல்லை. நாயகன் மாட்டியிருப்பது ஒருகாலத்தில் அவருடையது. எத்தனை புத்தர் செதுக்கினாலும் முகத்தில் சினமே வருகிறது. கை போனால் என்ன போகும் என்று இந்த ஆட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டது. அவராக நாம் ஆட முடியாது. சாகே வாங்கிக் கொடுத்தால் பழங்கதை பேசுவார், அவ்வளவுதான்.

அண்ணன் சாகே கிடைத்தால் சண்டையை விட்டுவிட்டு முதலில் அவரிடம்தான் போவார்.