எண்ணிமப் படங்களில் நீர்க்குறி: பயனும் வரம்பும்

ஒரு படத்தின் மேலேயோ அதன் தரவுக்குள்ளேயோ பதிக்கப்படும் உரிமை அடையாளமே நீர்க்குறி. புகைப்படக்காரர்களும் ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் இதை வாட்டர்மார்க் என்றே அழைக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலியின் ஃபாப்ரியானோ நகரக் காகிதப் பட்டறைகள் தங்கள் தாள்களில் இத்தகைய குறியைப் பதித்தன. கம்பியால் செய்த வடிவம் ஈரக் கூழில் படிந்ததால் குறி தாளோடு சேர்ந்தே உருவானது. தாளைக் கெடுக்காமல் அதை எடுக்க வழியில்லை. கணினிப் படத்தின் குறிக்கு அந்த உறுதி கிடையாது. படம் முடிந்த பிறகு, யாரும் நகலெடுத்துத் திருத்தக்கூடிய ஊடகத்தில் அது சேர்க்கப்படுகிறது. இந்த முறையின் பலமும் பலவீனமும் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகின்றன.

எண்ணிம நீர்க்குறியில் இரண்டு வகை உண்டு. கண்ணுக்குத் தெரியும் குறி, படத்தின் மேல் பெயராகவோ சின்னமாகவோ அடியிலுள்ள படம் ஓரளவு தெரியும்படி இடப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத குறி, படப்புள்ளிகளின் மதிப்புகளில் நுண்ணிய மாற்றங்களாக மறைந்திருக்கிறது. அதற்கென உள்ள மென்பொருள் மட்டுமே அதைப் படிக்கும்.

தெரியும் குறியின் முதல் பயன் எச்சரிக்கை. இணையத்தில் படத்தை எடுத்தாளும் பலருக்கு அதற்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணமே எழுவதில்லை. மூலையில் உள்ள ஒரு பெயர் அந்த அறியாமையைப் போக்குகிறது. இரண்டாவது பயன், படம் எங்கே போனாலும் பெயரும் கூடவே போவது. கோப்புக்குள் எழுதிவைக்கும் மெட்டாடேட்டாவைப் பல சமூக ஊடகத் தளங்கள் பதிவேற்றும்போதே அகற்றிவிடுகின்றன. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அது தொலைந்துபோகும். படத்தின் மேலேயே உள்ள பெயர் இவற்றைத் தாண்டி நிற்கும். படங்களை உரிமக் கட்டணத்துக்கு விற்கும் நிறுவனங்களுக்கு மூன்றாவது பயனும் உண்டு: வாங்குபவர் மாதிரியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் பணம் கட்டாமல் அச்சுக்கு அனுப்ப முடியாது.

ஆனால் குறியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நிறைவான விடை இல்லை. ஓரத்தில் வைத்தால் வெட்டி எறிவது எளிது. நடுவில் வைத்தால் கலைஞர் காட்ட நினைத்ததே மறைந்துபோகிறது. முகத்தின் குறுக்கே எழுத்து ஓடும் உருவப்படத்தையோ, மெல்லிய கோடுகளின் மேல் சின்னம் படர்ந்த கோட்டோவியத்தையோ யாரும் ரசிக்க முடியாது. தன் வேலையைக் காட்டி வாய்ப்புத் தேடும் இளம் ஓவியருக்கு, திருட்டால் வரும் இழப்பைவிட இந்தச் சிதைவால் வரும் இழப்பு பெரிதாக இருக்கக்கூடும்.

நடுவில் வைத்த குறியும் முழுக் காவல் தருவதில்லை என்பதை எளிய கணக்கே காட்டும். ஒரு படப்புள்ளியின் ஒளிர்வு 100 என்று கொள்வோம். அதன்மேல் 255 மதிப்புள்ள வெள்ளை எழுத்து 40 விழுக்காடு அடர்த்தியில் விழுகிறது. எழுத்தின் பங்கு 102, படத்தின் பங்கு 60. கலந்து வரும் மதிப்பு 162. எழுத்தின் வடிவமும் அடர்த்தியும் தெரிந்தவர் 162இல் 102ஐக் கழித்து, மீதியை 0.6ஆல் வகுத்தால் பழைய 100 திரும்பக் கிடைத்துவிடும். மூடிய இடத்தில் தகவல் அழியவில்லை, கலந்துதான் இருக்கிறது. ஒரே குறியை ஆயிரக்கணக்கான படங்களில் இடும்போது படங்கள் மாறுகின்றன, குறி மாறுவதில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளதைக் கணினி பிரித்தெடுத்துவிட்டால் மற்றது மேலே கண்ட கழித்தலும் வகுத்தலும்தான். கூகுள் ஆய்வாளர்கள் 2017இல் விற்பனைத் தளங்களின் படங்களைக் கொண்டு இதைச் செய்துகாட்டினர். குறியின் இடத்தையோ அடர்த்தியையோ படத்துக்குப் படம் மாற்றுவது போதாது. அதன் வடிவத்தையே சற்று நெளித்தால்தான் நீக்கிய இடத்தில் தடயம் எஞ்சும் என்பது அவர்கள் கண்டது. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு இந்தக் கணக்கும் தேவையில்லை. குறி இருந்த இடத்தை ஊகித்து வரைந்து நிரப்ப ஒரே ஒரு படம் போதும்.

தெரியாத குறி அழகைக் கெடுப்பதில்லை. அதன் எளிய வடிவம், படப்புள்ளி மதிப்பின் கடைசி பிட்டை மாற்றுவது. 150 என்பது 151 ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் படத்தை ஜேபெக் கோப்பாகச் சுருக்கும்போது முதலில் அழிவதும் இத்தகைய நுண்மாற்றம்தான். இங்கெமார் காக்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நேரெதிர் வழியைக் காட்டியது. படத்தின் தோற்றத்துக்கு முக்கியமான அலைவெண் கூறுகளிலேயே குறியைப் பரவலாக இட வேண்டும். அப்போது குறியை அழிக்க முயல்பவர் படத்தையும் கெடுத்தாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. இன்றும் பல முறைகள் இந்த வழியில் வந்தவையே.

இதற்கும் எதிர்த்தாக்குதல்கள் விரைவிலேயே வந்தன. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் உருவாக்கிய ஸ்டிர்மார்க் மென்பொருள், கண்ணுக்குப் புலப்படாத அளவில் படத்தை வளைத்து, நெளித்து, குறியைத் தேடும் மென்பொருளைத் தடம் மாற்றியது. படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி இணையப் பக்கத்தில் ஒட்டி அடுக்கினால், பார்ப்பவருக்கு முழுப் படமும் தேடும் மென்பொருளுக்கு வெறும் துண்டுகளும் தெரியும் என்பதையும் அவர்களே 1998இல் காட்டினர். இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்றும் உண்டு. ஏற்கெனவே குறியுள்ள படத்தில் இன்னொருவர் தன் குறியையும் பதித்துவிட்டு உரிமை கோரினால், யாருடையது முந்தியது என்பதைக் குறி மட்டும் சொல்லாது. மேலும், தெரியாத குறி யாரையும் எச்சரிப்பதில்லை. யாராவது தேடிப் படித்தால்தான் அதற்குப் பயன் உண்டு.

தொழில்நுட்பம் விட்ட இடத்தைச் சட்டம் ஓரளவு நிரப்புகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 65பி பிரிவின்படி, உரிமை மேலாண்மைத் தகவலைத் தெரிந்தே அனுமதியின்றி நீக்குவதற்கும் மாற்றுவதற்கும் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. படைப்பாளியின் பெயர் அத்தகைய தகவல்களில் ஒன்று. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு மீறலுக்கும் 2,500 முதல் 25,000 டாலர் வரை இழப்பீடு கோர இடம் தருகிறது. குறியை வெட்டி எடுத்தவர் ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று சொல்வது கடினம். ஆகவே எளிதில் நீக்கக்கூடிய குறிக்கும் சட்டத்தின் முன் மதிப்பு உண்டு. ஆனால் வேறு நாட்டில் உள்ள, முகம் தெரியாத ஒருவர்மீது வழக்குத் தொடுக்கும் வசதி தனிக் கலைஞர்கள் பலருக்கு இல்லை.

உரிமை இல்லாதவரும் குறி இடலாம் என்பது இந்த முறையின் மற்றொரு குறை. பதிப்புரிமைக் காலம் முடிந்த ஓவியத்தை அப்படியே படமெடுத்தால் புதிய உரிமை பிறக்காது என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 1999இல் பிரிட்ஜ்மன் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயினும் பொதுச் சொத்தான பழைய ஓவியங்கள் விற்பனைத் தளங்களில் குறியோடு காணப்படுகின்றன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் வேறு வழியில் சென்றது. வெர்மீரின் பால்காரி ஓவியத்தின் மஞ்சள் பூத்த மோசமான நகல்கள் இணையத்தில் பெருகியபோது, பூட்டிவைப்பதைவிட நல்ல பிரதியைத் தருவதே தீர்வு என்று கண்டு, 2012இல் தொடங்கிய ரைக்ஸ்ஸ்டூடியோ தளத்தில் உயர்தரப் படங்களை இலவசமாக வெளியிட்டது. ஆனால் பொதுப் பணத்தில் இயங்கும் நிறுவனத்துக்குப் பொருந்தும் இந்த வழி, படம் விற்றுப் பிழைக்கும் ஒருவருக்குப் பொருந்தாது.

படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்தபின் நீர்க்குறிக்கு எதிர்பாராத வேலையொன்று கிடைத்தது. ஸ்டேபிள் டிஃபியூஷன் உருவாக்கிய சில படங்களில், படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனத்தின் குறி உருக்குலைந்து தென்பட்டது. குறியிட்ட படங்கள் பயிற்சிக்குள் போவதை அந்தக் குறி தடுக்கவில்லை. போயின என்பதற்குத் தடயமாக நின்றது. கெட்டி தொடுத்த வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் தந்த தீர்ப்பில் அதன் பதிப்புரிமைக் கோரிக்கை தோற்றது. அந்நிறுவனத்துக்குக் கிடைத்த சிறு வெற்றி, ஸ்டேபிள் டிஃபியூஷனின் முந்தைய பதிப்புகள் அந்தக் குறியை வெளியிட்டது வணிகச் சின்ன மீறல் என்பதுதான்.

ஆகவே நீர்க்குறியைப் பூட்டாகக் கருதாமல் பெயர்ப்பலகையாகக் கருதுவதே சரி. அறியாமல் எடுப்பவரை அது நிறுத்தும், சோம்பேறித் திருடரைத் தயங்க வைக்கும், முனைந்தவரைத் தடுக்காது. காவலை வேறு இடத்தில் தேட வேண்டும். நீண்ட பக்கம் 1,200 பிக்சல் மட்டுமே உள்ள படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் அச்சிட்டால் 4 அங்குலமே வரும். பெரிய அளவில் நல்ல அச்சு வேண்டுபவருக்கு அது உதவாது. மூலக் கோப்பையும் வரைந்த அடுக்குகளையும் வெளியிடாமல் தேதியோடு வைத்திருப்பவருக்கே உரிமைத் தகராறில் வலுவான சான்று இருக்கும். இணையத்துக்குச் சிறிய அளவுப் படம், பார்வையைக் கெடுக்காத இடத்தில் தெளிவான பெயர், கையில் மூலக் கோப்பு: தனிக் கலைஞருக்கு இந்த மூன்றும் சேர்ந்து தரும் காப்பை, நடுவே பெரிதாக இட்ட எந்தக் குறியும் தனியாகத் தராது.