டலூலா காஷின் தனிப்பாடல்கள்

ராக் விமர்சகர்களுக்கு ஆல்பம் என்பது காப்பியம். 'தலைசிறந்த நூறு' என்று அவர்கள் போடும் பட்டியல்கள் பெரும்பாலும் ஆல்பங்களைத்தான் எண்ணுகின்றன. சிங்கிள் அவர்களுக்குத் தனிப்பாடல் மாதிரி. ஔவையின் பேரில் வழங்கும் வெண்பாக்களைப் பாடத்திட்டத்தில் எங்கே வைப்பது என்று நாம் திணறுவதில்லையா, அதே திணறல். ஒரு முழு ஆல்பம்கூடப் பதிவு செய்யாமல் கலைந்துபோன குழு, அதிலும் பெண் குரல்கள் முன்னிற்கும் குழு என்றால், அடிக்குறிப்பில் இடம் கிடைப்பதே பெரிது.

டலூலா காஷ் அப்படியொரு குழு. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் 1986இல் தொடங்கி 1988இல் முடிந்துபோனது. ஒரு நிகழ்ச்சியில் அமீலியா ஃப்ளெட்சர், எலிசபெத் பிரைஸ் என்ற இரண்டு பெண்கள் சந்திக்கிறார்கள். இருவர் சட்டையிலும் 'பாஸ்டல்ஸ்' என்ற ஸ்காட்லாந்துக் குழுவின் பேட்ஜ். குழு பிறந்த கதை அவ்வளவுதான். கித்தாரை அமீலியாவும் வாசித்தார். டிரம்ஸில் அமீலியாவின் தம்பி மேத்யூ.

அந்த ஆண்டே இரண்டு 7 அங்குல இசைத்தட்டுகளை ஒரே நேரத்தில் வெளியிட்டார்கள்: 'பீட்னிக் பாய்', 'ஸ்டீமிங் டிரெயின்'. பாஸ்டல்ஸ் குழுவின் ஸ்டீபன் நண்பர்களோடு நடத்திய சின்ன நிறுவனத்தின் வெளியீடு. முதல் அடியிலேயே இரண்டு தட்டு போட்ட துணிச்சலை யாரும் துணிச்சல் என்று எழுதியதாக நான் படித்ததில்லை. விளையாட்டுத்தனம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இசைக்கு விழுந்த பெயர் 'ட்வீ'. 'ஸ்வீட்' என்பதைக் குழந்தை மழலையில் சொன்னால் எப்படி இருக்குமோ அதிலிருந்து வந்த சொல். வளர்ந்த பெண் பாடுவதை மழலை என்று சொல்லிவிட்டால் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. இந்தச் சொல் ஆண்களையும் விட்டுவைக்கவில்லை, உண்மை. ஆனால் ஆண் மெல்லிய குரலில் பாடினால் 'முரட்டு ராக்கை மறுத்தவன்' என்று ஒரு தத்துவம் கிடைக்கிறது. பெண் பாடினால் அது அவள் இயல்பு என்று ஆகிவிடுகிறது. (என் முதல் கவிதைத் தொகுப்புக்கு வந்த மதிப்புரை ஒன்றில் 'குழந்தைமை' என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. பாராட்டாகத்தான். தொகுப்பில் பாதி சாவைப் பற்றியது.)

காதைக் கொடுத்துக் கேட்டால் மழலை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. வேகம் ரமோன்ஸினுடையது. அதன்மேல் அறுபதுகளின் பெண் குழுக்கள் பாணியில் இணைந்தும் பிரிந்தும் வரும் குரல்கள். பதிவு கரடுமுரடானது, சுருதி சில இடங்களில் தள்ளாடுகிறது. நான் அதைக் குறையாக எண்ணவில்லை, ஆனால் இல்லை என்றும் சொல்லமாட்டேன். தேர்ச்சிக்காகக் காத்திருந்தால் இந்தத் தட்டுகள் வந்தே இருக்காது. பயிற்சி போதாமல் மேடையேறும் ஆண் பையன்களுக்குப் பங்க் என்ற பெயர் பத்து வருடத்துக்கு முன்பே தயாராக இருந்தது.

குழு கலைந்தபின் அமீலியாவும் சிலரும் 'ஹெவன்லி' என்ற பெயரில் சேர்ந்தார்கள். பிரிஸ்டலின் சாரா ரெக்கார்ட்ஸ் அவர்களை வெளியிட்டது. கிளேர் வாட் என்ற பெண்ணும் மேட் ஹேன்ஸும் 1987 முதல் 1995 வரை நடத்திய நிறுவனம் அது. சிங்கிளில் வந்த பாட்டை ஆல்பத்தில் மறுபடி போட்டு ரசிகரிடம் இரண்டு முறை காசு வாங்கக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. நேர்மையான கொள்கை, ஆனால் ஆல்பத்தை மட்டும் தேடுகிறவர் கைக்கு முக்கியமான பாட்டு கிடைக்காது. 1993இல் வந்த 'பங்க் கேர்ள்' தட்டிலுள்ள 'ஹார்ட்ஸ் அண்ட் கிராஸஸ்' அப்படித் தப்பிப்போன ஒன்று. ஒரு பெண்ணின் காதல் கனவில் தொடங்கி, அவள் ஆசைப்பட்டவனாலேயே வன்புணரப்படுவதில் போய் நிற்கும் பாட்டு. மெட்டு மட்டும் மாறவே இல்லை. ஆர்கன் துள்ளிக்கொண்டே இருக்கிறது.

முதல் முறை கேட்டபோது நான் நிறுத்திவிட்டேன். கோபமோ ஓலமோ இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். 'இனிமை' என்று அவர்களுக்கு ஒட்டப்பட்ட அந்த ஒலியையே எடுத்து, அதற்குள் இதை வைக்கிறார்கள். உலகம் தன்பாட்டில் இனிமையாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இது நடக்கிறது என்பதை அந்த ஆர்கனைவிட வேறு எதுவும் எனக்கு இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. 1986இன் தட்டுகளில் பழகிய குரல் இல்லாமல் இந்தப் பாட்டு வந்திருக்காது.

அமீலியா பின்னாளில் பிரிட்டனின் வணிகப் போட்டிக் கண்காணிப்பு அலுவலகத்தில் தலைமைப் பொருளியலாளர் ஆனார். முதல் இரண்டு தட்டுகளுக்குப் பின் விலகிய எலிசபெத் பிரைஸ் 2012இல் டர்னர் பரிசு பெற்றார், 'தி வுல்வொர்த்ஸ் கொயர் ஆஃப் 1979' என்ற காணொளிப் படைப்புக்காக. மான்செஸ்டர் கடைத் தீவிபத்தில் பத்துப் பேர் இறந்ததைப் பற்றியது. கம்பியிட்ட சன்னல் வழியே உதவிக்காக அசையும் ஒரு பெண்ணின் கை. அதற்குப் பக்கத்திலேயே அறுபதுகளின் பெண் பாடகிகள் ஆடும் காட்சி, விரல் சொடுக்கும் சத்தம். கலை விமர்சகர்கள் அதன் தாளக்கட்டை வியந்து எழுதினார்கள். அந்தத் தாளம் எங்கே பழகியது என்று அறிய விரும்புகிறவர்கள் 2013இல் வந்த 'வாஸ் இட் ஜஸ்ட் எ ட்ரீம்?' தொகுப்பைத் தேடலாம். குழுவின் பதிவுகள் அதில் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஒரே மூச்சில் கேட்காதீர்கள். இரண்டிரண்டாகக் கேளுங்கள், தட்டில் இரண்டு பக்கம் இருந்ததுபோல.