கண்ணகியின் அன்பும் கடவுளின் அன்பும்

காதற்கதை படிப்பது வீண் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மவருள் பலர். சமயப்பற்று மிக்க சிலரோ, கடவுளின் அன்பைக் கதைப் புத்தகத்தில் தேடுவது பேதைமை என்பர். யாம் இவ்விரு சாராரோடும் உடன்படோம். கைம்மாறு கருதாத அன்பு இத்தகையது என்று வெறுஞ் சொல்லால் விளக்குதல் அரிது. ஒருவர் மற்றொருவர்மீது வைத்த அன்பு துன்பத்தாற் சோதிக்கப்பட்டும் மாறாது நிற்கும் காட்சியைக் கண்டே அதனை உணர்தல் கூடும். அக்காட்சியைத் தருவது கதை. ஆயின் கதையை முழுதும் படித்தல் வேண்டும். பாதி படித்துப் பாடம் புகட்டுதல் கேடாய் முடியும்.

அண்மையில் மலாக்கா நகரில் ஒரு சொற்பொழிவு கேட்கச் சென்றோம். எம் தோட்டத்திலிருந்தும் சிலர் உடன் வந்திருந்தனர். பேசிய அன்பர், கடவுள் நம் குற்றம் பாராது நம்மை ஏற்பது போலவே கண்ணகி கோவலனை ஏற்றாள் என அழகுற விளக்கினார். அதுவரை நன்று. முடிவில் பெண்கள் பக்கந் திரும்பி, கணவன் எது செய்யினும் வாய்திறவாது பொறுப்பதே கண்ணகி காட்டிய வழி என்றார். கூட்டம் கலைந்து பொற்கொல்லர் தெருவின் வழியே, 1781ஆம் ஆண்டில் மலாக்காச் செட்டிகள் எடுப்பித்த பொய்யாத விநாயகர் கோயிலைக் கடந்து வருகையில், உடன் வந்த பெண்ணொருத்தி, "கிராணி ஐயா, கண்ணகி ஒரு வார்த்தைகூடவா கேட்கவில்லை?" என்றாள். சம்பள நாளில் அவள் கணவன் எந்நிலையில் வீடு திரும்புவான் என்பதை யாம் அறிவோம். அவள் கேள்விக்கு விடையே இக்கட்டுரை.

நம்மவர் பலர் கண்ணகியை அறிந்தது 1942ஆம் ஆண்டின் 'கண்ணகி', 1964ஆம் ஆண்டின் 'பூம்புகார்' ஆகிய படங்களின் வாயிலாகவே. இளங்கோவடிகளின் காப்பியத்தையே திறந்து பார்ப்போம்.

கோவலன் மாதவியிடம் தங்கியிருந்த காலத்தில், தேவந்தி என்னும் பார்ப்பனத் தோழி கண்ணகிக்கு ஒரு வழி சொல்லுகிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் இரு பொய்கைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு கூடி இன்புறலாம் என்பது அவ்வழி. அது தமக்குப் பெருமை தருவதன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகிறாள். இம்மறுமொழியை ஆழ்ந்து நோக்குக. நேர்த்திக்கடன் வைத்துத் தெய்வத்தோடு பேரம் பேசுவது நம் வழக்கம். அவள் அன்போ பேரத்திற்கு இணங்கவில்லை. எம் அலுவலகச் செக்ரோலில், வேலைக்கு வராதார்க்கு அந்நாட் கூலி இல்லை. கணக்கிற்கு அம்முறை தகும், அன்பிற்குத் தகாது. செக்ரோல் வைத்து அன்பு செய்யாதாளிடத்தே கடவுட்டன்மையைக் காண்பது பொருத்தமே.

கோவலன் செல்வமெல்லாம் இழந்து நாணித் திரும்புகிறான். கண்ணகி காரணம் கேளாமலே புன்முறுவலோடு தன் சிலம்புகளை எடுத்துக்கொள்ளச் சொல்லுகிறாள். சொற்பொழிவாளர் இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டார். அடிகளோ நிறுத்தவில்லை.

மதுரைக்கு வெளியே ஆயர் பாடியில், மாதரி அளித்த மனையில் உணவுண்ட பின், தன்னால் அவளுக்கு நேர்ந்த துயரை எண்ணிக் கோவலன் வருந்துகிறான். அப்பொழுது கண்ணகி வாய் திறக்கிறாள். அறவோரைப் பேணவும் விருந்தினரை எதிர்கொள்ளவும் இயலாது தான் இழந்தவற்றைச் சொல்லுகிறாள். தன் துயரை மறைத்த பொய்ச் சிரிப்பைக் கண்டு மாமனும் மாமியும் வருந்தியதைச் சொல்லுகிறாள். உயர்ந்தோர் போற்றாத ஒழுக்கத்தை நீர் மேற்கொண்டீர் என்று நேரே கூறுகிறாள். கூறிய பின்னரும் அவள் அன்பு குறையவில்லை. குற்றத்தைக் குற்றமென்று கூறிய அந்நாவே அவனோடு வரத் தான் உடன்பட்டதையும் கூறுகிறது. கோவலனும் அவள் பண்பைப் பாராட்டியே விடை கொள்ளுகிறான்.

அவனைக் கள்வனெனக் கொன்றபின் அவள் பாண்டியன் அவையேறி வழக்குரைத்ததை யாவரும் அறிவர். வாய்திறவாமையே அவள் அன்பாயின் அவ்வழக்கு எழுந்தே இராது. மதுரையை எரித்ததும் அன்போ எனக் கேட்பார் உளர். அன்றென்றே யாம் சொல்லுவோம். அது சினம், கடவுளன்பிற்குக் கூறிய உவமை அவ்விடத்தே முடிவுறுகிறது. உவமைக்கு எல்லை உண்டென அறிந்து படிப்பதே நேர்மை.

இன்னொன்றும் காண்க. கிறித்தவ வேதத்தில் ஓசியா என்னும் தீர்க்கதரிசியின் வரலாறு உளது. வழிதவறிய பெண்ணை, பதினைந்து வெள்ளிக்காசும் வாற்கோதுமையுங் கொடுத்து அவர் மீட்டு அழைத்துக்கொள்ளுகிறார். பிழைத்த மக்கள்மீது கடவுள் கொண்ட அன்பிற்கு அஃது அடையாளம் என்பது அந்நூலின் கருத்து. அங்கே பொறுப்பவன் ஆண். நம் மேடைகளில் அன்பின் பெருமை பேசுவோர் ஆடவரை நோக்கி, ஓசியாவைப்போற் பொறுமின் என ஏன் ஒருநாளும் சொல்லுகிறாரிலர்? எல்லார்க்கும் பொதுவான கடவுளின் அன்பைப் பெண்ணுக்கு மட்டும் சட்டமாக்குவது அவ்வன்பைச் சிறுமைப்படுத்துவதாகும். நிபந்தனையின்றி அன்பு செய்தல் ஒருவர் தாமே மனமுவந்து அளிக்கும் கொடை. அதனைப் பிறரிடம் கேட்டுப் பெறும் உரிமை தவறிழைத்தவனுக்கு இல்லை. கோவலனுங்கூட அதனைக் கேட்கவில்லை என்பதை மறவற்க.

சேரன் செங்குட்டுவன் இமயத்திற் கல்லெடுத்துக் கண்ணகிக்குக் கோட்டம் சமைத்தான் என்று வஞ்சிக் காண்டம் உரைக்கும். இலங்கையிற் சிங்கள மக்களும் பத்தினித் தெய்வமென அவளை வணங்குகின்றனர். குற்றத்தை மறையாமல் எடுத்துரைத்தும் அன்பு மாறாத ஒருத்தியையே மக்கள் தெய்வமாகக் கொண்டனர்.

நேயர்காள்! நும் இல்லத்துப் பெண்டிரோடு இருந்து கொலைக்களக் காதையை ஒருமுறை படியுங்கள். எம்மைக் கேட்ட அம்மைக்கு அன்று தெருவில் யாம் சொன்ன விடை இதுவே: "கேட்டாள், அம்மா. கேட்ட பின்னும் அன்பு செய்தாள். கேட்டது அன்பிற்குக் குறைவாகாது."