சீகன்பால்குவின் தாள்களும் நம் தகவலாளிகளும்

தர்மபுரிக்காரனுக்குத் தரங்கம்பாடியில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊருக்கென்று ஒரு நூல் இருந்தது: தகடூர் யாத்திரை. முழுசாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டைத் தொகுத்தவரும் உரைகாரர்களும் எடுத்தாண்ட செய்யுள்கள்தான் மிச்சம். அடுத்தவர் கையில் மேற்கோளாக மட்டும் பிழைத்திருப்பது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கண்ணோடுதான் பார்த்தலோமேயு சீகன்பால்குவின் தாள்களைப் படிக்கிறேன்.

1682இல் ஜெர்மனியின் புல்ஸ்னிட்சில் பிறந்தவர். 1706 ஜூலையில் டேனிஷ் மன்னரின் மிஷனரியாகத் தரங்கம்பாடியில் இறங்கினார். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். இரண்டே வருஷத்தில், 1708இல், தான் சேர்த்த தமிழ் ஏடுகளுக்கு ஓர் அட்டவணை போட்டுவிட்டார். அதில் கிறித்தவமும் இசுலாமும் சாராத தமிழ் நூல்கள் மட்டும் 119. திருக்குறள், தொல்காப்பியம் எல்லாம் உண்டு. நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். 1719இல், முப்பத்தாறு வயதில் இறந்தார்.

தாள்களின் கதை இதற்குப் பிறகுதான் சுவாரசியமாகிறது. 1711இல் தமிழர் சமயம் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி எழுதினார். ஹாலே நகரத்துத் தலைமை, அதாவது பிராங்கே, என்ன சொன்னார்? அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் ஆளனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று ஓரங்கட்டினார். வம்சாவளி அச்சேறியது 1867இல், சென்னையில். முதல் நூல் 1926இல், ஆம்ஸ்டர்டாமில். அட்டவணையின் ஒரு படி லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் கிடந்தது. முழுமையான ஆய்வுப் பதிப்பு வந்தது 2012இல்தான். மையம் தனக்கு ஒவ்வாததை எரிக்க வேண்டியதில்லை, அலமாரியில் வைத்துப் பூட்டினால் போதும்.

நம்மிடம் இவரைப் பற்றி இரண்டு வாசிப்புகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, ‘தமிழ்த்தொண்டர்’: சிலை, மாலை, விழா மலர். இன்னொன்று, ‘காலனியத்தின் கையாள்’: ஒரே வரியில் தீர்ப்பு. எதிரெதிராகத் தெரியும் இரண்டும் ஓரிடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. இந்தத் தாள்களை எழுதியவர் சீகன்பால்கு என்பதில் இரண்டுக்கும் சந்தேகமே இல்லை.

எனக்குச் சந்தேகம் உண்டு. அவரும் க்ரூண்ட்லரும் கேள்விகள் அனுப்பி, தமிழர்களிடம் பதில் கடிதங்கள் பெற்றார்கள். மொத்தம் 99. ஹாலேயில் 1714இலும் 1717இலும் ஜெர்மனில் அச்சாயின. தமிழ் மூலம் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை, ‘மலபாரிகள்’ என்ற பொதுப்பெயர்தான். அவருடைய துபாஷி அழகப்பன் போர்த்துகீசியம் முதலாகப் பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். இக்கடிதங்கள் பலவற்றில் அவர் கை இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. மொழி, தகவல், விளக்கம் எல்லாம் கொடுத்தவன் ‘உதவியாளன்’. கேட்டு எழுதியவன் ‘ஆசிரியன்’.

சரி, பெயரை மீட்டுவிட்டால் வேலை முடிந்ததா? முடியாது. அந்தக் கடிதங்களில் வெள்ளைக்காரனைப் பார்த்து ஏளனம் வருகிறது: மாடு தின்கிறான், குடிக்கிறான், சுத்தம் கிடையாது. ‘ஆகா, காலனிய எதிர்ப்புக் குரல்’ என்று நாம் துள்ளிக் குதிக்கலாம். கொஞ்சம் நிதானித்தால், இதே வாய் சேரியைப் பற்றி என்ன சொல்லியிருக்கும் என்பதும் கேட்கும். அங்கே பேசுவது ‘தமிழர்’ அல்ல, ஏடு படிக்க வாய்த்தவர்கள். ஏடு வாங்க உள்நாட்டுக்கு ஆளனுப்பி, பிராமண விதவைகளிடம் விலைகொடுத்து வாங்கியதாக சீகன்பால்குவே எழுதுகிறார். புருஷன் செத்த வீட்டில் ஏட்டை விற்றவள் என்ன நினைத்தாள்? அதைக் கேட்டு ஒரு கேள்வித்தாளும் போகவில்லை. 99க்கு வெளியே இருப்பவர்கள்தான் அதிகம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை என்றும் பார்க்க வேண்டும். முதுகலை ஆய்வேட்டுக்காகப் பென்னாகரம் பக்கம் ஒப்பாரிப் பாட்டுச் சேகரித்தேன். ஒரு பாட்டி இரண்டு ராத்திரி விடிய விடியப் பாடினாள். கடைசியில், “ஏஞ்சாமி, எம்பேரையும் போடுவியா?” என்றாள். போடுவேன் என்றேன். ஆய்வேட்டில் அவள் ‘தகவலாளி 7, பெண், வயது 70’. முறையியல் அப்படித்தான் கேட்டது என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். அட்டையில் என் பெயர் பெரிசாக இருந்தது. சீகன்பால்குவைக் காலனியவாதி என்று திட்டி நான் எழுதிய முதல் கட்டுரையும் அந்த வருஷம்தான்.

தாள்களை நிராகரிக்கச் சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் 1708இல் தரங்கம்பாடிப் பக்கம் எந்த ஏடு புழங்கியது என்று நமக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது. நம் மடங்களும் புலவர் வீடுகளும் விட்ட வேலையை அவர் செய்தார். ஆனால் அந்தப் பிரதிகளை ஒற்றை ஆசிரியனின் எழுத்தாகப் படிப்பதை நிறுத்த வேண்டும். சொன்னவன், எழுதியவன், விற்றவள், சொல்ல விடப்படாதவர்கள் எல்லோருக்கும் இடம் விட்டுப் படிக்க வேண்டும்.

அந்தப் படிப்பை ஹாலேயில் தொடங்க வேண்டியதில்லை. நம் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் தொடங்கலாம். பென்னாகரத்துக்கு நான் மறுபடி போனபோது பாட்டி இல்லை. பேரைக் கேட்டு எழுதி வந்திருக்கிறேன். போட இடம்தான் இன்னும் கிடைக்கவில்லை.