கோயிற்சுவரும் மண்ணடுக்கும்: திருவேங்கடக் கோட்டத்து நகரத் தோற்ற ஆய்வுகள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

இடைக்கால நகரங்களின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கல்வெட்டுகளையே முதன்மைச் சான்றாகக் கொண்டு அமைகின்றன. கல்வெட்டுகளுள் மிகப்பல கோயிற்சுவர்களில் உள்ளன. எனவே கோயிலே நகரை ஈன்றது என்னும் முடிவு, ஆய்வின் விளைவாக அன்றிச் சான்றின் இருப்பிடத்தாலேயே தோன்றிவிடும் வாய்ப்புண்டு. இவ்வரம்பினைத் திருவேங்கடக் கோட்டத்தைக் களமாகக் கொண்டு மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது. திருப்பதி நகரும், அங்கிருந்து புத்தூர் வழியாகச் சென்னைக்குச் செல்லும் சாலையில் அமைந்த வடமாலபேட்டையும் சிறப்பாக நோக்கப்படுகின்றன.

இலக்கியமும் கல்வெட்டும் காட்டும் வேங்கடம்

சங்கப் பாடல்களில் வேங்கடம் புல்லி என்னும் தலைவனுக்குரிய மலை. வழிச்செல்வோர் அஞ்சிக் கடக்கும் சுரம். ஆழ்வார் பாசுரங்களில் அது அருவியும் மூங்கிலும் யானையும் நிறைந்த தெய்வமலை. இவ்விரண்டிலும் ஒரு நகரைக் காண இயலவில்லை. கல்வெட்டுகளில்தான் அடிவாரக் குடியிருப்புகள் உருப்பெறுகின்றன. அவற்றுள் முதன்மையானது திருச்சுகனூர் எனப்பட்ட இன்றைய திருச்சானூர். பல்லவர் காலக் கல்வெட்டுகள் இவ்வூரில் இருந்த திருவிளங்கோயிலைக் குறிப்பிடுகின்றன. பல்லவ அரசி சாமவை வெள்ளித் திருமேனி எடுப்பித்து நிலக்கொடை அளித்த செய்தியைக் கூறும் கல்வெட்டினைப் பலரும் கி.பி. 966-ஆம் ஆண்டினதாகக் கொள்வர். அதில் நிலத்தை விற்றவர்களாகத் திருச்சுகனூர்ச் சபையார் இடம்பெறுகின்றனர். முதலாம் இராசேந்திரன் காலத்தில், அடிவாரத்துச் சபையார் ஒப்புக்கொண்ட திருவிளக்குகள் குறைந்து எரிந்தமையை அரச அதிகாரி ஒருவர் விசாரித்துச் சீர்செய்துள்ளார்.

இச்செய்திகளால் ஒன்று தெளிவாகிறது. மலைமேற் கோயிலின் நிலமும் பொருளும் கீழ்நிலத்து ஊரார் கையில் இருந்தன. ஆனால் மரபோ, கி.பி. 1130 அளவில் இராமானுசர் கோவிந்தராசர் கோயிலை நிறுவியதையும் அதனைச் சூழ்ந்து குடியிருப்பு எழுந்ததையும் திருப்பதி நகரின் தொடக்கமாகக் கூறுகிறது. நகரின் மையம் திருச்சானூரிலிருந்து கோவிந்தராசர் கோயிற் பகுதிக்கு நகர்ந்த நெடிய மாற்றத்தை, ஒரு நாளில் ஒருவரால் நிகழ்ந்த செயலாக மரபு சுருக்கிக்கொள்கிறது எனலாம்.

ஆய்வாளர் கருத்துகள்

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1931 முதல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகள் இவ்வாய்வுக்கு அடித்தளம் இட்டன. அவற்றைக் கொண்டு பர்ட்டன் ஸ்டைன், விசயநகரக் காலத்தில் கோயிலுக்கு வந்த பொற்கொடைகள் கோயிலூர்களில் ஏரி, கால்வாய் வெட்டச் செலவிடப்பட்டதையும், அதனால் பெருகிய விளைச்சல் வழிபாட்டுச் செலவுக்கு உதவியதையும் விளக்கினார். 1960-இல் வெளிவந்த அவரது கட்டுரை கோயிலை ஒரு பொருளாதார நிறுவனமாகக் காண வழிவகுத்தது. கென்னத் ஹால் 1980-இல் நாடுதோறும் ஒரு நகரம் வணிக மையமாக விளங்கியது என்னும் அமைப்பினை முன்வைத்தார். சம்பகலட்சுமி 1996-இல் வெளியிட்ட நூலில் காஞ்சிபுரம், குடமூக்கு–பழையாறை ஆகியவற்றின் வளர்ச்சியை வணிகம், சமயக் கருத்தியல், அரசு ஆகிய மூன்றோடும் இணைத்து ஆராய்ந்தார்.

இவர்களது பணி பெரிது. எனினும் இடைக்காலத்தைப் பொறுத்தவரை மூவரும் பெரிதும் சார்ந்திருப்பது கல்வெட்டையே. ஸ்டைன் கூறும் கால்வாய் வெட்டப்பட வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கல்வெட்டு சொல்லும். அது எவ்வளவு நிலத்திற்குப் பாய்ந்தது, எப்போது தூர்ந்தது என்பதை நிலத்தில்தான் காணவேண்டும். கொடையாளர் பெயரைச் சுவர் காக்கும். கொடை வழங்காத குயவரும் கொல்லரும் எங்குக் குடியிருந்தனர் என்பதைக் காவாது. நகரம் என்பது இவர்களையும் உள்ளடக்கியதன்றோ?

மண் கூறும் செய்தி

இதற்குத் தக்க சான்று இக்கோட்டத்திலேயே உள்ளது. ஏர்ப்பேட்டை அடுத்த குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டுகள் பிற்பல்லவர், பாணர் காலத்தில் தொடங்குகின்றன. விக்கிரமசோழன் காலத்தில், 1126-இல் கோயில் புதுப்பிக்கப்பட்டது. சுவர் கூறுவது இவ்வளவே. ஆனால் இந்தியத் தொல்லியல் துறையின் கார்த்திகேய சர்மா 1973-இல் மேற்கொண்ட அகழாய்வு, இன்றைய கற்கோயிலுக்கு முற்பட்ட செங்கற் கட்டுமானத்தையும், அதற்கும் முன்னர் இலிங்கம் வெட்டவெளியில் கல்வேலி சூழ நின்ற நிலையையும் வெளிப்படுத்தியது. அவ்விலிங்கத்தைக் கி.மு. 2 அல்லது 1-ஆம் நூற்றாண்டினது எனப் பலர் கருதுவர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வரலாற்றைச் சுவர் அறியவில்லை, மண் அறிந்திருந்தது.

கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டில் தமிழகத் தொல்லியல் துறை 1980 முதல் நடத்திய அகழாய்வுகளில் செங்கற்சுவர்களும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான்களும் கிடைத்தன. கராசிமாவும் சுப்பராயலும் ஈடுபட்ட பெரியபட்டினம் ஆய்வில் கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகள் அத்துறைமுகத்தின் கடல்வணிகத்தைக் கண்கூடாக்கின. இடைக்கால நகரையும் அகழ்ந்து அறியலாம் என்பதற்கு இவை சான்று. ஆயினும் சங்ககால அடுக்கை நாடித் தோண்டும்போது இடைக்கால அடுக்கு வெறும் மேல்மண்ணாகக் கருதப்படும் போக்கு இன்றும் முற்றிலும் மறையவில்லை.

பேட்டையும் குண்டையும்

பேட்டை என்னும் சொல் தமிழிலும் தெலுங்கிலும் சந்தை கூடும் இடத்தையும், ஊரை அடுத்த வணிகக் குடியிருப்பையும் குறிக்கும். வடமாலபேட்டை தன் தொழிலைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. பெருநகருக்கு நெல்லும் நெய்யும் செல்லும் வழியிலும், யாத்திரிகர் இளைப்பாறும் இடங்களிலும் இத்தகைய பேட்டைகள் எழுவது இயல்பு. இம்மண்டலத்தைச் சார்ந்த அப்பலாயகுண்டா பிரசன்ன வேங்கடேசுவரர் கோயிலால் அறியப்படுகிறது. ஆனால் ஊர்ப்பெயரில் நிலைத்திருப்பது கோயிலன்று. குளத்தைக் குறிக்கும் குண்டா என்னும் சொல். நீர்நிலை, சந்தை, வழி என்னும் மூன்றும் இன்றி எந்நகரும் வளர்ந்ததில்லை. எனினும் நகர வரலாறுகளில் கோயிலுக்கு ஓர் இயலும் பேட்டைக்கு ஓர் அடிக்குறிப்புமே கிடைக்கின்றன.

பெயராய்வு மட்டும் போதுமா எனின், போதாது. ஒரு பேட்டை தோன்றிய காலத்தை அதன் பெயர் கூறாது. பானையோடும் காசும் கிணற்று உறையும் கூறும். அதுபோல, மண்ணும் தனித்து நின்றால் ஊமையே. சபையின் பெயரையும் நிலத்தின் அளவையும் வழக்கின் தீர்வையும் கல்வெட்டு மட்டுமே உரைக்கும். இரண்டையும் ஒருங்கே கற்பதே நெறி.

முடிவுரை

தொல்காப்பியப் பாயிரத்தைக் கொண்டு வேங்கடத்தைத் தமிழின் வடவெல்லையாக நாம் இடைவிடாது சுட்டுகிறோம். 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்ததும், 1960-இல் திருத்தணி தமிழகத்தில் சேர்ந்ததும், 2022-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டம் பிரிந்ததும் ஆட்சி எல்லைகள். தொண்டைமண்டலத்துச் சபைகளும் பேட்டைகளும் இவ்வெல்லைகளை அறியா. திருமலைக் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் உள்ளன; அவை கிடக்கும் நிலத்தில் இன்று பெரிதும் வழங்குவது தெலுங்கு. ஆகவே இருமாநிலத் தமிழ், தெலுங்கு, தொல்லியல் துறைகள் இணைந்து செய்யும் மேற்பரப்புக் கள ஆய்வே உடனடித் தேவை. நாற்கரச் சாலைகளும் மனைப்பிரிவுகளும் பெருகிவரும் இப்பகுதியில் கோயிற்சுவர் காக்கப்படும். பேட்டையின் மண் காக்கப்படாது. சுவரைப் பின்னரும் படிக்கலாம். மண்ணை இப்போதே படித்தாக வேண்டும்.