இரண்டாகப் பிரிந்த வேலைச் சந்தை: கேத்லீன் தெலனை முன்வைத்து

தாராளமயம்னா சட்டத்தைத் தளர்த்துறது, யூனியனை உடைக்கிறது, அவ்வளவுதான்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். அந்த நினைப்பைக் கலைத்தது கேத்லீன் தெலனின் 'வெரைட்டீஸ் ஆஃப் லிபரலைசேஷன்' (2014). தாராளமயத்துக்கு மூன்று பாதைகள் என்கிறார். அமெரிக்காவில் பாதுகாப்பு எல்லோருக்கும் கரைந்தது. டென்மார்க்கில் வேலையைவிட்டு நீக்குவது எளிது. ஆனால் நீக்கப்பட்டவருக்கு உதவித்தொகையும் பயிற்சியும் உண்டு. ஜெர்மனியில் உள்ளே இருப்பவருக்குப் பழைய பாதுகாப்பு. தளர்வெல்லாம் வெளியே இருப்பவருக்கு.

புத்தகத்தின் பலமே ஜெர்மனிதான். அங்கே யூனியன் பலவீனமானதால் மட்டும் சந்தை பிளக்கவில்லை. கார், இயந்திரத் துறைகளில் யூனியனும் முதலாளியும் கைகோத்துத் தங்கள் கோட்டையைக் காப்பாற்றினார்கள். துப்புரவு, கேன்டீன் மாதிரியான வேலைகள் வெளியே போயின. 2003-ல் வந்த ஹார்ட்ஸ் சட்டங்கள் ஏஜென்சி ஆட்களை வைப்பதைச் சுலபமாக்கின. 'மினிஜாப்' சம்பள வரம்பை மாதம் 400 யூரோவாக்கின. அந்தச் சம்பளத்துக்குத் தொழிலாளி அப்போது காப்பீட்டுச் சந்தா கட்ட வேண்டியிருக்கவில்லை. வேலை போனால் அந்தக் காப்பீட்டுப் பணமும் கிடையாது. நிரந்தரத் தொழிலாளியின் பாதுகாப்பில் பெரிதாகக் கை வைக்கவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். உள்ளே, வெளியே என்று கோடு போட்டதும், வெளியே இருப்பவர்கள் ஒரே கூட்டமாகத் தெரிகிறார்கள். அப்படி இல்லையே! மினிஜாப்பில் பெண்களே அதிகம். சம்பளம் வரம்புக்குள் இருந்தால் கணவரின் மருத்துவக் காப்பீடு போதும். வரம்பைத் தாண்டினால் சந்தாவும் தம்பதிக்குச் சேர்த்துப் போடும் வரியும் சம்பளத்தைத் தின்றுவிடும். இந்த வேலியைப் போட்டது யூனியன் இல்லை, வரிச் சட்டமும் காப்பீட்டுச் சட்டமும். இறைச்சி ஆலைகளில் துணை ஒப்பந்தத்தில் உழைத்த ருமேனியர்களின் கதை வேறு. நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டே இல்லாதவர்கள் எந்தக் கூட்டணியில் சேர்வார்கள்? 2020-ல் ஆலைகளுக்குள் கொரோனா பரவிய பிறகுதான் 2021 முதல் அந்த ஒப்பந்த முறைக்குத் தடை வந்தது.

பிளவு நிரந்தரமும் இல்லை. 2015-ல் மணிக்கு 8.50 யூரோ குறைந்தபட்சக் கூலி வந்தது. அதற்காக முதலில் குரல் கொடுத்தவை சேவைத் துறை, உணவுத் துறை யூனியன்கள். உலோகத் துறை யூனியன் ஆரம்பத்தில் தயங்கியது. கூட்டணிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற தெலனின் வாதத்துக்கு இதுவே நல்ல சாட்சி. ஆனா, கூட்டணிக்குள் வரவே முடியாதவர்களைப் பற்றி யோசிக்க இந்தப் புத்தகம் மட்டும் போதாது.